யூரியின் சட்டையும் என் சித்தாந்தமும்

கொடகரை,
கும்ப மாதக் கடைசி, செவ்வாய்க்கிழமை.

பெருமதிப்பிற்குரிய அச்சுதன்குட்டி அளியனுக்கு,

உங்கள் தங்கை சத்யபாமாவின் கணவனும், மின்வாரியத்தில் லைன் ஓவர்சீயராக இருந்து ஓய்வு பெற்றவனும், கட்சிக் கிளைக் கமிட்டியின் மூத்த உறுப்பினனுமாகிய தாமோதரன் எழுதிக்கொள்வது. இங்கே நான், சத்யபாமா, மகன் யூரி மூவரும் நலம். அங்கே நீங்களும் உங்கள் துணைவியார் சேச்சியும் நலமாக இருக்க வேண்டும். அதை யாரிடம் வேண்டிக்கொள்வது என்பதில் நமக்குள் கருத்து வேறுபாடு இருப்பதால், நடுவில் ஆள் வைக்காமல் நேராக உங்களிடமே சொல்லிவிடுகிறேன்.

கடைசியாக நான் உங்களுக்கு எழுதிய கடிதம், நீங்கள் தலைவராக இருக்கும் மகாதேவர் கோயிலின் ஒலிபெருக்கிக்கு மின்கம்பத்திலிருந்து கொக்கி போட்டுக் கரண்ட் எடுப்பதைக் கண்டித்து. அதை மறந்துவிடுங்கள். இப்போது எழுதுவது ஒரு முகூர்த்தம் கேட்டு. உங்கள் கோயில் நடையில், மேட மாதத்தில், யூரியின் கல்யாணத்துக்கு ஒரு நல்ல நாள் ஒதுக்கித் தர வேண்டும். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி படிக்க வேண்டாம். நீங்கள் சரியாகத்தான் படித்தீர்கள். இது எப்படி நேர்ந்தது என்பதை வேறு யார் வாயாலும் நீங்கள் கேட்கக் கூடாது என்பதற்காகத்தான் விவரமாக எழுதுகிறேன். தவிர, உங்கள் இளைய மகன் உண்ணியும் ஆற்றில் சட்டையோடு குளிக்கிறான் என்று சேச்சி போனில் சொல்லிப் பெருமூச்சு விட்டாளாம். அவனுக்கும் இது உதவும்.

யூரியின் கொள்கைப் பிடிப்பைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது உங்கள் ஊர் உற்சவத்துக்கு வந்தவன், மற்றப் பையன்கள் எல்லாம் சட்டையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு கோயிலுக்குள் ஓடியபோது, தான் மட்டும் வெளியே யானைக்குப் பக்கத்தில் செருப்புகளுக்குக் காவல் நின்றான். நீங்கள் கூப்பிட்டீர்கள், சேச்சி கூப்பிட்டாள், பூஜை செய்கிற மேல்சாந்தியே ஈரத் துண்டோடு வந்து கூப்பிட்டார். "எனக்கு வேண்டாம்" என்ற ஒரே பதில். அன்று பந்தியில் நீங்கள் என்னிடம், "தாமோதரா, பையனக் கெடுத்து வெச்சிருக்கே. இந்த வயசுலயே இவனுக்கு சாமி இல்லாம போச்சு" என்றீர்கள். நான் ஒரு வார்த்தைகூடச் சொல்லிக்கொடுக்கவில்லை அளியா, தானாக வந்தது. எனக்கு வந்த பெருமையில் பாயசத்தை இரண்டாவது முறை கேட்டு வாங்கிக் குடித்தேன். கோயில் பாயசந்தான், ஆனால் நான் குடித்தது வெற்றிக்களிப்பில். அதற்குப் பிறகு அவன் கோயில் குளத்தில் குளிக்கவில்லை. பகிஷ்காரம் என்று எடுத்துக்கொண்டேன். மீன மாத வெயிலில் பனியனுக்கு மேல் சட்டை, சட்டைக்கு மேல் இன்னொரு சட்டை என்று போட்டுக்கொண்டு திரிந்தான். உடலை வருத்திப் பழகுகிறான், நாளைக்குச் சிறைக்குப் போனால் உதவும் என்று வாசகசாலையில் சொன்னேன். தோளைக் குறுக்கி முதுகை வளைத்து நடந்தான், படிப்பாளி. பையை முதுகில் மாட்டாமல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனான். உள்ளே புத்தகம் இருக்க வேண்டும். மற்றத் தோழர்களின் பிள்ளைகள் நண்பர்களோடு சுற்றுலா என்று சொல்லிவிட்டு மாலை போட்டு மலை ஏறிய காலத்தில், கிளைக் கமிட்டியில் தலை நிமிர்ந்து உட்கார்ந்திருந்த ஒரே தகப்பன் நான்.

அஞ்சிதாவின் விஷயம் உங்களுக்குப் பாதிதான் தெரியும். யூரி வேலை பார்க்கும் கூட்டுறவு வங்கியில் அவளும் வேலை பார்க்கிறாள். நல்ல பெண், நம் யூரியை விரும்புகிறாள், அவனும் அவளை விட்டால் வேறு பேச்சில்லை. ஓணம் முடிந்ததும் அவளுடைய அப்பா சுகுமாரப் பணிக்கர் பேச வந்தார். போலீசில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர், மீசையைப் பார்த்தாலே தெரியும். பையனைப் பிடித்திருக்கிறது, வீட்டைப் பிடித்திருக்கிறது, சத்யபாமா பொரித்த நேந்திரங்காய் வறுவலும் பிடித்திருக்கிறது, ஒரே ஒரு நிபந்தனை என்றார். "தாலி கெட்டறது கோயில் நடைல, முறைப்படி. மாப்பிள்ளை முண்டும் மேல்முண்டும் மட்டும், சட்டை கூடாது. அத விட்டுக் கொடுக்க மாட்டேன்." யூரியின் முகம் வெளுத்துவிட்டது. "ரெஜிஸ்டர் ஆபீஸ் போதும்" என்று தரையைப் பார்த்துச் சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டான். இதைவிட ஒரு சந்தர்ப்பம் எனக்கு எப்போது கிடைக்கும்? நான் எழுந்து நின்றேன். சாயாவில் ஆடை படியும் வரை பேசினேன். கோயிலுக்குள் போவதற்காக நம் முன்னோர்கள் போராடினார்கள், கோயிலே வேண்டாம் என்ற அடுத்த கட்டத்துக்கு என் மகன் போயிருக்கிறான், இது வரலாற்றின் ஓட்டம், இதை மீசையால் தடுக்க முடியாது என்று முடித்தேன். பணிக்கர் சாயாவை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். "உங்க பையன உங்க கொள்கைக்கே கெட்டி வெய்ங்க சார்" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினார். அவ்வளவுதான், சம்பந்தம் முறிந்தது.

யூரியின் முதுகில் தட்டிக்கொடுப்பதற்காக உள்ளே போனேன். கட்டிலில் சுவரைப் பார்த்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தான். கொள்கைக்காகக் காதலை இழந்தவர்கள் உலகத்தில் எத்தனை பேர் தெரியுமா என்று ஆரம்பித்தேன்.

"அச்சா, கொஞ்சம் வாய மூடறீங்களா?" என்றான். பெற்ற மகன் என்னிடம் அப்படிப் பேசியது அதுவே முதல் தடவை. "எனக்குக் கொள்கையும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. சட்டையக் கழட்ட முடியாது. அதான் விஷயம். வேற ஒண்ணுமே இல்ல."

பட்டன்களை ஒவ்வொன்றாகக் கழற்றினான். உள்ளே இறுக்கமான பனியன், அதையும் தூக்கினான். ஆள் ஒல்லிதான் அளியா, விலா எலும்பைத் தடவிப் பார்க்கலாம். ஆனால் நெஞ்சு மட்டும் ஒரு பெண் பிள்ளையினுடையதைப் போல இருந்தது.

"ஒம்பதாங் கிளாஸ்ல ஆரம்பிச்சது. தானா போயிடும்னு பாத்தேன், போகல. ஓடினேன், ஜிம்முக்குப் போனேன், பொரிச்ச மீன் சாப்பிடறத விட்டேன். வயிறு போச்சு, இது போகல. ஸ்கூல்ல என்னென்ன பேர் வெச்சாங்கன்னு உங்ககிட்ட சொல்ல மாட்டேன். இந்த ஓணத்துக்குத் திருச்சூர்ல புலிக்களிக்கு ஆள் சேர்க்கறவங்க சாயாக்கடைல என்னைப் பாத்துட்டு, புலி வேஷம் கெட்ட வர்றியானு கேட்டாங்க. எல்லாரையும் தொப்பைக்காகக் கூப்பிடுவாங்க. என்னை எதுக்குக் கூப்பிட்டாங்கன்னு எல்லாரும் சிரிச்சாங்க. நீங்க பக்கத்து டேபிள்ல உக்காந்து வர்க்கப் போராட்டம் பேசிட்டிருந்தீங்க."

மாவட்டம் முழுக்க ஒரே நேரத்தில் கரண்ட் போனால் கட்டுப்பாட்டு அறையில் ஒரு அமைதி இருக்கும். எனக்குள் அப்படி இருந்தது. வாசலில் சத்யபாமா நின்றுகொண்டிருந்தாள். "குளிச்சிட்டு வர்றப்ப துண்ட இடுப்புல கெட்டாம நெஞ்சுல கெட்டிக்கிட்டு வருவான். அடக்கமான பிள்ளைனு நெனச்சேனே" என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் கொள்கை என்று நினைத்தேன், அவள் அடக்கம் என்று நினைத்தாள். ஒரே வீட்டில் மூன்று பேர் இருந்தோம், யாரும் யாரையும் கேட்கவில்லை. எனக்கு அன்று ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

ஆனால் மனம் தளர்ந்து உட்கார்ந்துவிட நான் என்ன பக்தனா? அடுத்த வாரமே கொச்சிக்குப் போனோம். பிளாஸ்டிக் சர்ஜன் டாக்டர் எலிசபெத் தரகன், அறுபது வயது இருக்கும், கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுப் பேசுகிற பெண்மணி. பெண் டாக்டர் என்றதும் யூரி திரும்பிப் போக எழுந்தான். "உக்காரு மோனே. இந்த வாரம் நீ எத்தனையாவது ஆள்னு நான் எண்றதே இல்ல" என்று அந்த அம்மாள் சொன்னதும் உட்கார்ந்துவிட்டான். தான் ஒருவன் மட்டும் இல்லை என்பதே அவனுக்குப் பாதி மருந்து என்று எனக்குத் தோன்றியது. எப்போதிலிருந்து இருக்கிறது என்று கேட்டார், சொன்னான். "அப்புறம் ஏன் இவ்வளவு நாள் வரல?" என்றார். யூரி என்னைப் பார்த்தான். நான் மின்விசிறியைப் பார்த்தேன். பேரிங் தேய்ந்திருந்தது.

டாக்டர் சொன்னதை உண்ணிக்காக அப்படியே எழுதுகிறேன், கவனமாகப் படியுங்கள். வயசுக்கு வருகிற பையன்களில் நிறையப் பேருக்கு இது வரும், பெரும்பாலும் ஒன்றிரண்டு வருடத்தில் தானாக வடிந்துவிடும், அதனால் உண்ணிக்கு உடனே கத்தி வேண்டாம், முதலில் காட்டினால் போதும். சிலருக்குத் தங்கிவிடும். சில மருந்துகளாலும் வரும், ஜிம்மில் விற்கும் ஊசிகளாலும் வரும், ஈரல், தைராய்டு, ஹார்மோன் கோளாறுகளாலும் வரும். அதையெல்லாம் ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் செய்து பார்த்துவிட்டுத்தான் கத்தியைத் தொடுவார்கள். தோலுக்கடியில் இருப்பது இரண்டு சங்கதி. ஒன்று கொழுப்பு, அதைச் சிறு துளை போட்டுக் குழாயால் உறிஞ்சலாம். மற்றது காம்புக்குப் பின்னால் கெட்டியாக இருக்கும் சுரப்பி. அது எந்த ஓட்டத்துக்கும் கரையாது, வெட்டித்தான் எடுக்க வேண்டும். கருவட்டத்தின் கீழ் ஓரமாகவே கீறுவதால் தழும்பு பின்னால் கண்ணுக்குத் தெரியாது. திரும்ப வருமா என்று கேட்டேன். "ஒடம்ப ஏத்தாம, கண்ட பவுடரும் ஊசியும் எடுக்காம இருந்தா பெரும்பாலும் வராது" என்றார். அதாவது எதிர்ப்புரட்சிக்கு நாம் இடம் கொடுக்கக் கூடாது என்று நான் யூரிக்கு விளக்கினேன். இரண்டு பக்கமும் அச்சு அசலாக ஒரே மாதிரி இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம், எந்த மனுஷனுக்கும் அப்படி இல்லை என்றும் சொன்னார். பிறகு, "குடும்பத்துல வேற யாருக்காவது இப்படி உண்டா?" என்று கேட்டார். என் நெஞ்சு கதவுப் பலகை, அது உங்களுக்கே தெரியும். சத்யபாமா "எங்க ஏட்டன்..." என்று உங்களைச் சொல்ல ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள். உற்சவத்தில் நீங்கள் மேல்முண்டை இரண்டாக மடித்து முன்பக்கமாகப் போட்டு இறுக்கிக்கொண்டு நிற்பது பக்தியால்தான் என்று நான் எல்லா இடத்திலும் சொல்லி வந்திருக்கிறேன், இனியும் அப்படியே சொல்வேன்.

துலா மாதம் ஆபரேஷன் நடந்தது. முதல் நாள் சத்யபாமா மூன்று மதக் கடவுள்களுக்கும் நேர்ந்துகொண்டாள். எந்தத் துறையில் எந்த ஃபைல் நகரும் என்று யாருக்குத் தெரியும் என்றாள். யூரி என் கையைப் பிடித்துக்கொண்டு, "முழிக்காம போயிட்டேன்னா?" என்று கேட்டான். "முழிச்சதும் என் மூஞ்சியத்தான் பாப்பே, பயப்படாதே" என்றேன். சொன்னபடியே ஆயிற்று, முழித்ததும் என்னைப் பார்த்து வாந்தி எடுத்தான். மயக்க மருந்தால் அப்படித்தான் வரும் என்று நர்ஸ் சொன்னாள். இரண்டு பக்கமும் சின்னக் குழாய் வைத்து, உள்ளே ஊறுகிற நீர் வெளியேற வழி செய்திருந்தார்கள். மறுநாள் அதை எடுத்துவிட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். எடுத்ததைப் பரிசோதனைக்கு அனுப்புவதற்கு முன் எனக்குக் காட்டச் சொன்னேன், டாக்டர் ஒரு பாத்திரத்தில் காட்டினார். ரப்பர் பால் சிரட்டையில் உறைந்து கிடக்குமே, அது மாதிரி இரண்டு வெளிறிய வில்லைகள். இவ்வளவுதானா என்றேன். "இவ்வளவுதான்" என்றார். இந்தக் கையளவு சதை என் பிள்ளையை இத்தனை வருஷம் குனிய வைத்திருக்கிறது. கடவுள் வைத்ததை விஞ்ஞானம் எடுத்தது அளியா! நான் சொன்னேன் என்று மேல்சாந்தியிடம் சொல்லுங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் வேடிக்கை. யாருக்கும் தெரியக் கூடாது என்று முடிவு செய்தோமே தவிர, என்ன சொல்வது என்று முடிவு செய்யவில்லை. நான் ரேஷன் கடையில் குடல்வால் ஆபரேஷன் என்றேன். சத்யபாமா பால் சொசைட்டியில், நெஞ்சில் கட்டுப் போட்டிருப்பதை யாராவது பார்த்துவிட்டால் என்ன செய்வது என்று யோசித்து, நெஞ்சு வலி என்றாள். இரண்டும் மத்தியானத்துக்குள் சந்தித்துக்கொண்டன. குடல்வால் நெஞ்சுக்கு ஏறிவிட்டது, உலகத்திலேயே இப்படி ஒரு கேஸ் இப்போதுதான் வந்திருக்கிறது என்று சாயங்காலம் பக்கத்து வீட்டு ரீத்தாம்மா எனக்கே சொன்னாள். யூரி ராத்திரி பகல் இறுக்கமான ஒரு கச்சு உடுப்பு போட்டிருக்க வேண்டும், குளிக்கும்போது மட்டும் கழற்றலாம். வீக்கம் வடிந்து தோல் உள்ளே ஒட்டுவதற்கு அதுதான் வழி, சில வாரம் படுத்தி எடுத்துவிடும். அதைத் துவைத்துக் கொடியில் போட்டிருந்தோம். ரீத்தாம்மா வேலிக்கு மேலாகப் பார்த்துவிட்டு, "சத்யேச்சி, இது எங்க வாங்கினது? இடுப்பு நல்லா சிக்குனு நிக்குமே" என்று கேட்டாள். சத்யபாமா திருச்சூரில் என்று சொல்லிவிட்டாள். ரீத்தாம்மா இன்னும் கடை கடையாகத் தேடிக்கொண்டிருக்கிறாள்.

அதைவிட மோசம், கிளைச் செயலாளர் பௌலோஸ் நாலு தோழர்களோடு ஆரஞ்சு வாங்கிக்கொண்டு நலம் விசாரிக்க வந்தது. வந்த வேகத்தில் எல்லாரும் முஷ்டியை உயர்த்தி "லால் சலாம் சகாவே!" என்றார்கள். டாக்டரோ, கொஞ்ச நாளைக்குக் கையைத் தோளுக்கு மேல் தூக்கக் கூடாது, பாரம் எடுக்கக் கூடாது, வண்டி ஓட்டக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். யூரி முஷ்டியை இடுப்பு வரை தூக்கினான். பௌலோஸ் மறுபடி "லால் சலாம்!" என்றார். மறுபடியும் இடுப்பு வரைதான். பௌலோஸ் என்னை வெளியே அழைத்துப் போய், "தாமோதரன் சகாவே, பையன் கிட்ட ஒரு தளர்ச்சி தெரியுது. கை மேல வரமாட்டேங்குது. வேற ஏதாச்சும் பார்ட்டிக்காரன் வந்து பேசினானா?" என்று காதில் கேட்டார். குடல்வால் என்று சொன்னேன். குடல்வாலுக்கும் கைக்கும் என்ன சம்பந்தம் என்றார். அவர் படித்தவர், அதுதான் தொல்லை.

முதல் இரண்டு வாரம் நெஞ்சு நீலமும் மஞ்சளுமாகக் கன்றிக் கிடந்தது. வீக்கத்தைப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் கொறையல அச்சா, எல்லாம் வீண்" என்று யூரி சோர்ந்துபோனான். டாக்டர் சொன்னது வீக்கம் வடிய மாதக் கணக்காகும், அதற்குள் கண்ணாடி முன்னால் நின்று தீர்ப்புச் சொல்லாதே என்று. காம்பைச் சுற்றி மரத்துப்போயிருந்தது, மெல்ல மெல்ல உணர்ச்சி திரும்பியது. மல்லாந்து மட்டுமே தூங்கினான். தனு மாதம் முடியும்போது ஒரு நாள் காலையில் கிணற்றடியில் பனியன் இல்லாமல் நின்று பல் தேய்த்துக்கொண்டிருந்தான். அதிலும் நிமிர்ந்து நின்றான். என் மகன் என்னைவிட உயரம் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. சத்யபாமாவை ஜன்னலுக்கு அழைத்துக் காட்டினேன். அவன் வாய் கொப்பளித்து முடிக்கும் வரை இரண்டு பேரும் பார்த்துக்கொண்டே நின்றோம்.

பிறகு யூரியே பணிக்கரின் வீட்டுக்குப் போய், கோயிலிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு வந்தான். பணிக்கர் ஒரேயடியாக இறங்கி வரவில்லை. "எங்க ஊர்க் கோயில்ல உற்சவம் வருது. அன்னிக்கு எங்களோட உள்ள வந்து தொழு. அப்பறம் பேசலாம்" என்றாராம். இங்கே கிளைக் கமிட்டியில் நான் பட்ட பாட்டைக் கேளுங்கள். மூத்த உறுப்பினரின் மகன் கோயில் கல்யாணம் செய்வதற்கு விளக்கம் கேட்டார்கள். பௌலோஸ் எழுந்து, "என் மக சர்ச்சுல வெச்சு மின்னுத் தாலி கெட்டிக்கிட்டப்ப கண்டனத் தீர்மானம் கொண்டுவந்தது யாரு? இதே சகாவு தானே?" என்றார். நான் தளரவில்லை. "கழற்றப்படுவது சட்டை மட்டுமே தோழர்களே, கொள்கை அல்ல" என்று தொடங்கி அரை மணி நேரம் பேசினேன். பௌலோஸ் நடுநிலை வகித்தார், மற்றவர்கள் பசியால் ஒப்புக்கொண்டார்கள்.

உற்சவத்தன்று பணிக்கரின் ஊருக்குப் போனோம். செண்டை மேளம் காதைப் பிளந்தது. பணிக்கர், அவர் தம்பிகள், மச்சினன்மார் என்று ஒரு பட்டாளமே சட்டையைக் கழற்றிக் கையில் மடித்துப் பிடித்துக்கொண்டு வாசலில் யூரிக்காகக் காத்து நின்றது. பெண்கள் வரிசையில் அஞ்சிதா நின்றாள், அவனை மட்டும் பார்த்துக்கொண்டு. யூரி பட்டனில் கை வைத்தான். ஒரு பட்டன், இரண்டு பட்டன். கம்பத்தின் உச்சியில் நின்றபோதுகூட நான் அப்படிப் பயந்ததில்லை அளியா. சட்டையைக் கழற்றினான். கழற்றிய சட்டையை என்னிடம் நீட்டினான்.

"கைல வெச்சுக்கோடா, எல்லாரும் அப்படித்தான் போறாங்க" என்றேன்.

"கைல இருந்தா நெஞ்சுக்கு நேரா பிடிச்சுக்குவேன் அச்சா. பழக்கம். நீங்களே வெச்சுக்கோங்க" என்றான்.

இரண்டு கையையும் தொங்கவிட்டுக்கொண்டு, அத்தனை பேருக்கும் நடுவில், நிமிர்ந்து உள்ளே போனான். நான் என் வழக்கப்படி வெளியே நின்றேன். சட்டை வியர்வையில் நனைந்திருந்தது. பக்கத்தில் கடலை விற்றுக்கொண்டிருந்தவர், "யாரோட சட்டை சார்?" என்று கேட்டார். "என் மகனோடது. உள்ள போயிருக்கான்" என்றேன். அவர் கேட்காமலேயே இன்னொரு தடவையும் சொன்னேன். கிளைக் கமிட்டியில் எத்தனையோ முறை அவனைப் பற்றிப் பெருமையாகப் பேசியிருக்கிறேன், அன்று வந்தது அது எதிலும் சேராத பெருமை. வெளியே வந்ததும் பணிக்கர் என் கையைப் பிடித்துக் குலுக்கி, "மேடத்துல வெச்சிடலாம் சார்" என்றார்.

ஆகவே, நீங்கள் பழைய மனத்தாங்கல் எதையும் மனதில் வைக்காமல், மேட மாதத்தில் ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து ஒரு முகூர்த்தம் குறித்து, நடைப்பந்தலும் சாப்பாட்டுக்கு ஊட்டுப்புரையும் எங்களுக்கென்று சொல்லி வைக்க வேண்டியது. பாயசத்தின் பொறுப்பு உங்களுடையது. உண்ணியைத் திட்டாதீர்கள், ஒரு நாள் இங்கே அனுப்பி வையுங்கள், யூரி பேசிக்கொள்வான். சேச்சிக்கு என் அன்பு. உங்கள் யானைக்கும் விசாரித்ததாகச் சொல்லவும். எல்லாரும் நிமிர்ந்து நடந்து நீண்ட காலம் வாழ வேண்டும் என்று, முன்பு சொன்னபடி நேராகவே விரும்பும்,

உங்கள் அளியன்,
தாமோதரன்.

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன்னால் யூரி இதைப் படித்துவிட்டான். படித்துவிட்டு, "முகூர்த்தம் வேண்டாம் அச்சா, ரெஜிஸ்டர் ஆபீஸ் போதும்" என்றான். நான் பதறிப்போய் அவன் நெஞ்சைப் பார்த்தேன். சிரித்தான். "அது இல்ல. இப்ப நெசமாவே வேண்டாம். அன்னிக்கு உள்ள போனேன். நடை தொறந்து தீபம் காட்டினாங்க, எல்லாரும் கண்ண மூடினாங்க. நான் நல்லா தொறந்து வெச்சுப் பாத்தேன். எண்ணெ வாசன, பணிக்கர் அங்கிளோட முதுகு, அவ்வளவுதான். எனக்கு ஒண்ணுமே தோணல. ஒடம்புல காத்து பட்டதுதான் சுகமா இருந்தது" என்றான். அஞ்சிதாவுக்கு எந்த இடமானாலும் சம்மதமாம். பணிக்கருக்குப் பயந்துகொண்டே நான் போன் செய்தேன். அவர் என்ன சொன்னார் தெரியுமா? "எனக்கு என்ன சார் கோயிலு! எப்பவும் ரெண்டு சட்ட போட்டுத் திரியற பையன் ஒடம்புல வெள்ளத் தழும்பு இருக்குமோ, வேற பொண்ணு பேரப் பச்ச குத்தியிருப்பானோன்னு பாக்கத்தான் கோயில்னு சொன்னேன். போலீஸ் புத்தி. பாத்தாச்சு. இனி நீங்க போஸ்ட் ஆபீஸ்ல வெச்சாலும் நான் வருவேன்."

எனவே முகூர்த்தம், பந்தல், பாயசம் எதுவும் வேண்டாம். என் மகன் அசல் நாத்திகன் அளியா, உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்த நாத்திகன்! இந்தச் செய்தியைக் கமிட்டியில் சொல்லச் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். யூரி வாசலில் நிறுத்தினான். "நான் உள்ள போய்ப் பாத்துட்டு இல்லன்னு சொல்றேன் அச்சா. நீங்க?" என்று கேட்டான். குத்திக் காட்டக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். மாட்டிய சட்டையைக் கழற்றிவிட்டு இந்தப் பின்குறிப்பை எழுத உட்கார்ந்தேன். லைனில் கரண்ட் இல்லை என்று, டெஸ்டர் வைத்துப் பார்க்காமல் என் சர்வீசில் நான் ஒரு நாளும் கையெழுத்துப் போட்டதில்லை. அதனால் நீங்கள் கூட்டமில்லாத ஒரு காலை நேரமாகப் பார்த்துச் சொல்லுங்கள், நான் மட்டும் வருகிறேன். பார்த்துவிட்டு இல்லை என்றுதான் சொல்வேன். பௌலோசுக்குத் தெரிய வேண்டாம்.